மணவில் கூத்தன் நரலோகவீரன்

பண்ணுருட்டியை ஒட்டிக் கெடில நதிக்கரையில் இருக்கிறது திருவதிகை. விழுப்புரத்தில் பேருந்து ஏறுபவர் ஒரு மணி நேரத்தில் அங்கே இறங்கிவிடலாம். திலகவதியார் தம்பிக்காகத் தவங்கிடந்த ஊர், சூலை நோயின் வழியே மருணீக்கியார் திருநாவுக்கரசராகிய ஊர் என்று அவ்வூரின் பெருமையைத் தமிழுலகம் அறியும். அங்குள்ள வீரட்டானத்துக் கோயிலில் இருபத்தைந்து வெண்பாக்கள் கல்லில் வெட்டப்பட்டிருப்பதை அறிந்தோர் சிலரே. அவை அரசனைப் பாடவில்லை. அரசனுக்குப் பணிசெய்த அதிகாரி ஒருவனைப் பாடுகின்றன. தில்லைக் கோயிலிலும் அவனைப் பற்றி முப்பதுக்கு மேற்பட்ட வெண்பாக்களும் வடமொழிச் செய்யுட்களும் உண்டு. காவியம் ஏதும் அவனுக்கு அமையவில்லை. பரணி பாடியவர் இல்லை. அவனுடைய உருவச்சிலை என்று ஐயமின்றிக் காட்டத்தக்கதும் இல்லை. இருந்தும் சோழப் பேரரசின் அதிகாரிகளுள் அவன் அளவுக்குச் செயல்கள் விளங்கத் தெரிபவர் மிகக் குறைவு. அவனே மணவில் கூத்தன் என்னும் நரலோகவீரன்.

ஊரும் பெயரும்

தொண்டை நாட்டில் மணவிற் கோட்டம் என்பது ஒரு பழம் பிரிவு. திருவாலங்காட்டை அடுத்த மணவூரே அக்காலத்து மணவில் என்பர் ஆராய்ச்சியாளர். அந்நாட்டு அரும்பாக்கத்தைத் தன் ஊராகவும் உரிமையாகவும் கொண்டவன் ஆதலால் அவன் அரும்பாக்கிழான் எனப்பட்டான். கிழான் என்ற சொல் நிலவுரிமையும் ஊர்த்தலைமையும் உடையவரைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். சங்கப் புலவர்களுள்ளும் கிழார் என முடியும் பெயருடையோர் பலர். படையிலும் ஆட்சியிலும் உயர்ந்த பின்னரும் தன் சிற்றூரின் பெயரை அவன் கைவிடவில்லை. கல்வெட்டுகளில் பட்டங்களுக்கு முன்னே ஊர்ப்பெயர் நிற்கிறது.

பொன்னம்பலக்கூத்தன் என்பது அவன் இயற்பெயர். பெயரிட்ட பெற்றோர் தில்லைக் கூத்தனிடம் ஈடுபாடு உடையவர் என்பது அதனாலேயே புலனாகும். காலப்போக்கில் பட்டங்கள் பல வந்து சேர்ந்தன. தொண்டைமான், காலிங்கர்கோன், அருளாகரன், பொற்கோயில் தொண்டைமான் என வெவ்வேறு கல்வெட்டுகள் அவனைக் குறிக்கின்றன. நரலோகவீரன் என்ற பட்டம் மண்டபங்களுக்கும் திருப்பணிகளுக்கும் பெயராயிற்று. முதன்முதலாக இக்கல்வெட்டுகளை ஒருங்கே வைத்துப் படித்தவர்களுக்கு, இத்தனை பெயர்களும் ஒருவனையே சுட்டுகின்றன என்று தெளிவதே பெரும் வேலையாயிற்று. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1932-இல் வெளியிட்ட சோழர் ஆய்வு நூலில் அவனுக்கெனத் தனிக்கட்டுரை ஒன்றை ஒதுக்கினார். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் தம் பிற்காலச் சோழர் சரித்திரத்தில் அவன் தொண்டுகளைத் தமிழில் விரித்தெழுதினார்.

இரு வேந்தர் காலம்

1070-இல் முதற் குலோத்துங்கன் அரியணை ஏறினான். சாளுக்கியத் தந்தைக்கும் சோழகுலத் தாய்க்கும் பிறந்த அவன் அரை நூற்றாண்டு அளவு ஆண்டான். சுங்கம் தவிர்த்தவன் என்ற புகழும் அவனுக்கு உண்டு. 1086-இல் அவன் நாட்டின் நிலங்களை அளப்பித்தான். அதே ஆண்டில் இங்கிலாந்திலும் நில உடைமைகள் அனைத்தும் கணக்கெடுக்கப்பட்டன என்பது வரலாற்றில் வியப்புக்குரிய ஒற்றுமை. அளந்த நிலத்தை ஆளவும், ஆண்ட எல்லையைக் காக்கவும், காத்த நாட்டின் வருவாயைக் கோயிலுக்கும் குளத்துக்கும் திருப்பவும் வல்ல ஓர் அதிகாரி வகுப்பு அப்போது வளர்ந்தது. அவ்வகுப்பில் தலைநின்றவன் கூத்தன்.

பாண்டிய நாடும் சேர நாடும் அவ்வாட்சியின் தொடக்கப் பகுதியில் சோழர்க்கு அடங்க மறுத்தன. குலோத்துங்கன் தெற்கே படை நடத்தி, கோட்டாற்றில் நிலைப்படை ஒன்றை நிறுத்தினான். வடக்கே வேங்கியும் கலிங்கமும் தொல்லை தந்தன. கருணாகரத் தொண்டைமான் கலிங்கம் வென்ற கதை செயங்கொண்டாரால் பரணியாகி நிலைபெற்றது. கூத்தனின் போர்கள் அத்தகைய தனி நூலைப் பெறவில்லை. ஆயினும் ஒட்டக்கூத்தர் விக்கிரம சோழன் உலாவில் வேந்தனைச் சூழ்ந்து வரும் தலைவர்களைப் பட்டியலிடுகையில் காலிங்கர்கோனுக்கு ஓர் இடம் தந்தார். வேங்கி, விழிஞம், கொல்லம், கொங்கு, இரட்டம், ஒட்டம் ஆகிய இடங்களில் வெற்றிக்கொடி எடுத்தவனாக அவன் அங்கே காட்சி தருகிறான். செஞ்சியர்கோனாகிய காடவனும் அதே பட்டியலில் இடம்பெறுகிறான். திண்டிவனத்தாரும் விழுப்புரத்தாரும் தம் மண்ணின் தலைவன் ஒருவனை உலாவின் அணிவகுப்பில் காலிங்கர்கோனுக்குத் துணையாகக் காணலாம்.

1118-இல் விக்கிரம சோழன் தந்தையோடு ஆட்சியில் பங்கேற்றான். பின்னர்த் தனியரசனாகி 1135 வரை ஆண்டான். ஆட்சி மாறினால் அதிகாரிகள் மாறுவது எக்காலத்துக்கும் பொது வழக்கு. கூத்தனோ தந்தைக்குச் செய்த பணியை மகனுக்கும் தொடர்ந்தான். போர்கள் குறைந்து திருப்பணிகள் மிகுந்த காலம் அது. வேலேந்திய கை உளியேந்தியவர்களுக்கு ஆணையிடத் தொடங்கிற்று.

பெண்ணைக் கரையில் ஒரு கற்றளி

நடுநாட்டோடு அவனுக்கு இருந்த தொடர்பு திருவதிகையில் தொடங்கியதன்று. திருக்கோவலூரிலிருந்து கிழக்கே, பெண்ணையாற்றை அண்டிச் சித்தலிங்கமடம் என்னும் ஊர் இருக்கிறது. கல்வெட்டுக் காலத்தில் அதற்குச் சிற்றிங்கூர் என்று பெயர். புலிக்கால் முனிவராகிய வியாக்கிரபாதரின் பெயரோடு இணைந்து, திருப்புலிப்பகவர் என்று இறைவன் அங்கே வழங்கப்பட்டான். குலோத்துங்கன் காலத்திலேயே அக்கோயிலைக் கல்லால் எடுப்பித்தவன் அரும்பாக்கிழான் பொன்னம்பலக்கூத்தன்.

இந்தத் தேர்வு எண்ணிப் பார்க்கத்தக்கது. வியாக்கிரபாதர் தில்லையில் கூத்தனின் ஆடலைக் காணப் பேறு பெற்றவர் என்பது புராண வழக்கு. தில்லைக்குத் தொண்டு செய்யப் போகும் ஒருவன், தில்லை முனிவரின் பெயரால் விளங்கும் பெண்ணைக் கரைச் சிற்றூரில் முதலில் கல் எடுத்திருக்கிறான். செங்கல்லும் மரமும் மழைக்கும் மண்ணுக்கும் இரையாவன. பிற்காலத்தவர் அவன் பெயரைப் படிக்கவேண்டுமாயின் எழுத்து கல்லில் இருக்கவேண்டும். எழுத்து நிற்கச் சுவர் கல்லால் ஆகவேண்டும். நடுநாட்டின் ஊர்களில் அவ்வுணர்வு ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. விழுப்புரத்தை அடுத்த எண்ணாயிரத்தில் இராசேந்திரன் காலத்துக் கல்லூரி ஒன்று இளநிலையில் 270 மாணவரும் முதுநிலையில் 70 மாணவரும் 14 ஆசிரியரும் கொண்டு நடந்த செய்தி, கல்லில் வெட்டப்பட்டதால் அன்றோ ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் தெரிகிறது.

தில்லையில்

கூத்தனின் பெரும்பணிகள் தில்லையில் நிகழ்ந்தன. அம்பலத்தைப் பொன்னால் வேய்ந்தான் என்பது வெண்பாக்களில் தலையாய செய்தி. நூற்றுக்கால் மண்டபம் எழுப்பினான். திருஞானசம்பந்தருக்குக் கோயில் அமைத்தான். தேவாரம் ஓதுவதற்கென மண்டபம் கட்டினான். உமையம்மையின் கோயிலையும் திருக்குளத்தையும் சீர்செய்து, குளத்தின் கரைகளுக்குக் கல் பதித்தான். நந்தவனம் வைத்தான், விளக்குகள் ஏற்றினான்.

இவற்றுள் ஒரு பணி பொன்வேய்ந்ததற்கும் மேலாக அவன் மனத்தைக் காட்டுகிறது. மாசித் திருநாளில் தில்லை இறைவன் கடலாடப் புறப்படுவது வழக்கம். ஊருக்கும் கடலுக்கும் இடையே சேறும் உப்பங்கழியுமாகக் கிடந்த நிலத்தில் அவன் பெருவழி ஒன்று அமைத்தான். கடற்கரையில் இறைவன் தங்க மண்டபம் கட்டினான். நடப்பவர் நீர்வேட்கை தீர நன்னீர்க் குளமும் வெட்டுவித்தான். திருவிழா ஆண்டில் ஒரு நாள். வழியோ ஆண்டு முழுவதும் கிடக்கும். இறைவன் போன வழியில் மறுநாள் உப்பு வண்டியும் மீன் கூடையும் போயிருக்கும். படை நடத்தியவனுக்கே வழியின் அருமை தெரியும். கொல்லம் வரை சென்று மீண்ட ஒருவன் தில்லைக்குக் கடல்வழி கண்டது அந்தப் பழக்கத்தின் பயன்.

விக்கிரம சோழனின் மெய்க்கீர்த்தியைப் படிப்பவர்க்கு இங்கே ஒரு கேள்வி எழும். தில்லையைப் பொன்மயமாக்கியவன் அரசனே என்றும், அது அவனுடைய பத்தாம் ஆட்சியாண்டில், அதாவது 1128-இல், நிகழ்ந்தது என்றும் மெய்க்கீர்த்தி கூறுகிறது. வெண்பாக்களோ அப்பெருமையைக் கூத்தனுக்குத் தருகின்றன. இரண்டும் முரண் என்று கொள்ளவேண்டுவதில்லை. பொன் அரசன் பண்டாரத்துப் பொன். நின்று செய்வித்தவன் அதிகாரி. வியப்புக்குரியது வேறொன்று. அரசன் தனதாக்கிக்கொண்ட பணியைத் தன் பெயரால் அதே கோயிலின் கல்லில் பாடுவிக்கும் துணிவு அவனுக்கு இருந்தது. அதைப் பொறுக்கும் பெருந்தன்மை வேந்தனுக்கும் இருந்தது. வேந்தனின் புகழ் அகவலில் நடக்கிறது. கூத்தனின் புகழ் வெண்பாவில் நிற்கிறது.

வெண்பாவின் இரு பாதிகள்

அவ்வெண்பாக்களை இயற்றிய புலவர் தம் பெயரைக் கல்லில் விட்டுச்செல்லவில்லை. யாப்பு பிறழாத கை அது என்பது மட்டும் தெளிவு. பெரும்பாலும் முதற்பாதியில் திருப்பணி ஒன்று சொல்லப்படும். இரண்டாம் அடியின் இறுதியில் தனிச்சொல் வந்து நிற்கும். அதைத் தாண்டியதும் பாட்டு போர்க்களத்துக்குள் நுழையும். மேற்பாதியில் விளக்கும் பொன்னும் மண்டபமும். கீழ்ப்பாதியில் வேலும் யானையும் தோற்றோடும் மன்னரும். தனிச்சொல் இரண்டுக்கும் நடுவே வாயிற்படிபோல் கிடக்கிறது.

இது யாப்பின் வசதி கருதிய அமைப்பு என்று எளிதில் சொல்லிவிடலாம். உண்மை அதற்கு அப்பாலும் செல்கிறது. அம்பலத்து மேலேறிய பொன் எங்கிருந்து வந்தது என்பதைப் புலவர் மறைக்கவில்லை. வடபுலத்து மன்னரின் செல்வம் வேலால் கவரப்பட்டதையும், அம்பலம் பொன்னால் வேயப்பட்டதையும் நான்கு அடிகளுக்குள் அருகருகே வைத்துவிடுகிறார். படிப்பவர் பெருமிதம் கொள்ளலாம். கொல்லத்திலும் விழிஞத்திலும் எரிந்த வீடுகளை எண்ணி நெஞ்சு கனக்கலாம். பாட்டு இரண்டுக்கும் இடந்தருகிறது. கூத்தனின் வாழ்வை மதிப்பிட முற்படுவோர் மேற்பாதியை மட்டும் படித்துவிட்டு எழுந்துவிடல் ஆகாது. அருளாகரன் என்ற பெயரும் காலிங்கர்கோன் என்ற பெயரும் ஒருவனுக்கே உரியவை.

செப்பேட்டில் ஏறிய பாட்டு

தமிழ்ப் பாவலர் கூத்தனுக்குப் பெரிதும் கடன்பட்டிருப்பது ஒரு செயலுக்காக. மூவர் பாடிய பதிகங்களைச் செப்பேட்டில் எழுதுவித்தான் என்று தில்லைப் பாட்டு ஒன்று தெரிவிக்கிறது. ஏட்டுச் சுவடியைக் கரையான் அரிக்கும், எண்ணெயிட்டுப் பேணாவிடில் ஓலை நொறுங்கும் என்பது அக்காலத்தார் கண்கூடாகக் கண்டது. தில்லையில் பூட்டிக் கிடந்த சுவடிகளில் கரையான் தின்றவை போக எஞ்சியவையே தேவாரமாகக் கிடைத்தன என்பது திருமுறை கண்ட வரலாறு. அந்த இழப்பின் நினைவு ஆறாதிருந்த தலைமுறைகளில் ஒருவன் ஓலையை நம்பாமல் செம்பை நாடியது இயல்பே.

2023 ஏப்ரலில் சீர்காழிச் சட்டைநாதர் கோயிலில் திருப்பணிக்காக மண் தோண்டியபோது செப்புத் திருமேனிகளோடு தேவாரம் பொறித்த செப்பேடுகள் நூற்றுக்கணக்கில் வெளிப்பட்டன. அவற்றை உடனே நரலோகவீரனோடு முடிச்சிடுவது முறையன்று. ஆனால் பாட்டைச் செம்பில் எழுதிக் காக்கும் வழக்கம் புலவரின் மிகைக்கூற்றன்று என்பதைக் கண்ணால் காணச் செய்தது அக்கண்டெடுப்பு.

கூத்தனுக்குப் பின் ஒரு தலைமுறைக்குள் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் பெரியபுராணம் தில்லையில் அரங்கேறியது. அதைப் பாடிய சேக்கிழாரும் தொண்டை நாட்டார். அவரும் சோழ அரசில் உயர்பதவி வகித்தவர் என்பது மரபு. திருமுறையை ஓத மண்டபம், சம்பந்தருக்குத் தில்லையில் கோயில், நாவுக்கரசருக்கு அதிகையில் கோயில் என்று கூத்தன் அடுக்கிய கற்களைப் பார்க்கும்போது, அடியார் வரலாற்றுக்கு நாடு எவ்வளவு ஆயத்தமாகி நின்றது என்பது விளங்கும். ஒரு தொண்டை நாட்டதிகாரி கல்லால் செய்ததை இன்னொரு தொண்டை நாட்டதிகாரி சொல்லால் நிறைவித்தார்.

அதிகையில்

திருவதிகையில் அவன் நாவுக்கரசருக்குக் கோயில் எடுத்தான். மண்டபமும் திருமதிலும் மடைப்பள்ளியும் அமைத்தான். குளம் தோண்டினான், தோட்டம் வைத்தான், பால் நெய்க்காகப் பசுக்களை விட்டான். பட்டியலைப் படிப்பவர்க்கு இது ஒரு கோயிலின் கணக்காகத் தோன்றும். ஊரின் பக்கம் நின்று பார்த்தால் வேறு தோன்றும். குளம் என்றால் நீர்; தோட்டம் என்றால் கூலி; பசு என்றால் மேய்ப்பவனுக்கு வாழ்வு; மடைப்பள்ளி என்றால் வழிப்போக்கனுக்குச் சோறு. விக்கிரம சோழன் ஆட்சியின் ஆறாம் ஆண்டையொட்டி வெள்ளமும் வறுமையும் இப்பகுதிகளைத் தாக்கியதைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. அத்தகைய காலத்தில் கோயிலின் களஞ்சியமும் குளமும் ஊருக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை.

கல் காத்த பெயர்

இதே காலத்தில் உலகின் வடமேற்கு மூலையில், ஸ்காட்லாந்தில், முதலாம் டேவிட் என்னும் மன்னன் 1124 முதல் 1153 வரை ஆண்டான். அவன் நாட்டைப் பிரித்து ஷெரீப் என்ற அதிகாரிகளை அமர்த்தினான். அவர்களுட் பலர் இன்று தெரியவருவது நிலக்கொடைப் பட்டயங்களின் அடியில் சாட்சிகளாக எழுதப்பட்ட பெயர்களால் மட்டுமே. ஒரு தோலேட்டில் ஒரு வரி. அதில் ஒரு பெயர். அவ்வளவே ஒரு வாழ்நாள். அவர்களோடு ஒப்பிடுகையில் கூத்தன் பேறு பெற்றவன். அவன் பெயர் சாட்சிப் பட்டியலில் ஒதுங்கி நிற்கவில்லை. யாப்போடு பாடப்பட்டு நிற்கிறது. அவனைக் காத்தவை மூன்று: அவன் எடுத்த கல், அதில் எழுதிய தச்சனின் உளி, பெயர் சொல்லாத புலவரின் வெண்பா.

அம்மூன்றும் இன்று ஒரே அளவில் பாதுகாப்பாக இல்லை. சுண்ணாம்பும் வண்ணமும் பூசி எழுத்தை மூடிய கோயில்கள் தமிழகத்தில் பல. மணல் வீசித் தூய்மை செய்ததால் எழுத்துத் தேய்ந்த சுவர்கள் உண்டு. திருப்பணியின்போது கற்களைப் பிரித்து வரிசை மாற்றி அடுக்கியதால் பாதிப் பாட்டு ஒரு பக்கமும் மீதிப் பாட்டு இன்னொரு பக்கமுமாகச் சிதறிய ஊர்களும் உண்டு. தில்லைக் கல்வெட்டு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அதிகைக் கல்வெட்டு 1921-இலும் படியெடுக்கப்பட்டு அச்சும் ஆய்வும் கண்டதால், கூத்தன் இரண்டாம் முறையும் பிழைத்தான். படியெடுக்கப்படாத சுவர்களில் எத்தனை கூத்தர்கள் காத்திருக்கிறார்களோ!

அரும்பாக்கத்துக் கிழான் ஒருவன் தெற்கும் வடக்கும் போர் செய்தான். பெண்ணையிலும் கெடிலத்திலும் தில்லையிலும் கல் எடுத்தான். கடலுக்கு வழி கண்டான். பாட்டைச் செம்பில் ஏற்றினான். அவன் எழுப்பியவற்றுள் சில இடிந்தன, சில மாறின, பொன் எத்தனையோ முறை கைமாறியிருக்கும். நான்கடி வெண்பா மட்டும் ஒரு சீரும் குறையாமல் அன்று வெட்டியபடி படிக்கக் கிடைக்கிறது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வெண்பா எழுதப் பழகும் இளைஞர் ஒரு விடுமுறை நாளில் திருவதிகைக்குச் சென்று, அச்சுவரின் முன் நின்று, எழுத்துக் கூட்டி அவற்றைப் படித்தல் வேண்டும். தொண்ணூறு ஆண்டு கழிந்ததும் தம் பாட்டு யாரிடம் இருக்கும் என்று கவலைப்படும் கவிஞர்க்கு, தொள்ளாயிரம் ஆண்டு நின்ற பாட்டு அங்கே விடை சொல்லும்.